நான்கு மூலையிலும் மஞ்சள்

எங்கள் அப்பா மலேசியாவின் கிள்ளானில் லோங்காங் மண்டோர். சாக்கடை வாரும் பத்துப் பேருக்கு மேலாள் என்று அர்த்தம். காலை ஆறரைக்கு லோரி எங்கள் சந்து முனையில் வந்து ஹாரன் அடிக்கும். அப்பா முழங்கால் வரை வரும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் ஏறுவார். பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் 'அரசாங்க வேலை' என்று மட்டும் சொல்லும்படி அம்மா சொல்லிவைத்திருந்தாள். நான் 'லோங்காங் மண்டோர்' என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, சிரிக்கிறவள் யாரென்று திரும்பிப் பார்ப்பேன். பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங் ஓடியது. மேலே தொழிற்பேட்டை, கீழே ஆறு, நடுவில் நாங்கள். சாதாரண நாளில் தண்ணீர் கறுப்பு. சில நாள் நீலம். சில நாள் பால் மாதிரி வெள்ளை. அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் துணி காயப்போட முடியாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பின்கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் ஒரு பள்ளி நோட்டில் எழுதினேன். இன்று நீலம், காலை பத்து மணியிலிருந்து. இன்று வெள்ளை, மீன் செத்து மிதக்கிறது. எதற்கு எழுதினாய் என்று கேட்டால், ஆத்திரம், அவ்வளவுதான். எவனோ திறந்துவிடுகிறான், எங்கள் அப்பா இறங்கி வாருகிறார், இதில் யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் முடித்தேன். பள்ளி நூலகத்தில் பல்கலைக்கழக வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் மருத்துவத்துக்கான பக்கம் கைபட்டுக் கைபட்டுக் கிழிந்து தொங்கியது. கடைசிப் பக்கங்களில், யாரும் தொடாத ஓர் இடத்தில், 'சைன்ஸ் ஆலாம் செகித்தார்' என்று போட்டிருந்தது. சுற்றுச்சூழல் அறிவியல். நீர், காற்று, கழிவு, சட்டம் என்று பாடங்கள். என்னுடைய நோட்டுக்குப் போய் பட்டம் கொடுக்கிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் படிப்பின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். முதல் விருப்பம் இது, இரண்டாவது உயிரியல், மூன்றாவது வேதியியல் என்று அன்றைக்கே முடிவு செய்தாயிற்று. என் மதிப்பெண் மருத்துவத்துக்குப் பத்தாது, இதற்குத் தாராளம்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். கை சோற்றிலேயே நின்றது.

"லோங்காங் படிக்கவா உன்ன ஆறாம் பாரம் வரைக்கும் அனுப்புனேன்?"

"லோங்காங் மட்டும் இல்லப்பா. ஆறு, கடல், காத்து..."

"எல்லாம் ஒண்ணுதான். நான் எறங்குனது போதும்லா. எம்மக லோங்காங் படிக்கப் போவுதுன்னு நாளைக்கு லோரியில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். பல்கலைக்கழக விண்ணப்பப் பாரத்தை யாரும் வீட்டில் உட்கார்ந்து நிரப்ப மாட்டார்கள். ஆறாம் படிவம் முடித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்து உட்கார, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் பட்டியல் எழுதிப் போடுவார். ஒன்று மருத்துவம், இரண்டு பல் மருத்துவம், மூன்று மருந்தியல், நான்கு சட்டம். எட்டு விருப்பத்துக்கும் எட்டு எண். முதல் மார்க் வாங்கியவனும் அதையே எழுதுவான், தட்டுத்தடுமாறித் தேறியவனும் அதையே எழுதுவான்.

நான் கையைத் தூக்கி, எனக்கு வேறு படிப்பு வேண்டும் என்றேன். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஆத்தைப் பார்க்கிறதுக்கு யுனிவர்சிட்டி எதுக்கும்மா? பாலத்துல நின்னா தெரியுமே" என்றார். மண்டபமே சிரித்தது. பின்னால் நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் தூக்கிய கையை இறக்கினேன். பென்சிலை எடுத்து, கரும்பலகையில் இருந்த எட்டு எண்ணையும் அப்படியே நிரப்பினேன். பெரிய வாய்க்காரி, கடைசியில் நானும் எழுதினேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேல்தான் கோபம் வருகிறது.

அப்பா கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அம்மா பாரத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துச் சூடம் காட்டினாள். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கான எந்தக் காகிதமும் மஞ்சள் படாமல் வாசலைத் தாண்டாது. கல்யாணப் பத்திரிகை தாண்டாது, தம்பியைப் பள்ளியில் சேர்த்த கடிதம் தாண்டவில்லை. இதுவும் தாண்டவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள், மஞ்சளின் நடுவில் குங்குமம். நான் அதை உறைக்குள் போட்டுக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த மலாய் அக்கா உறை கனமாக இருக்கிறதே என்று உள்ளே பார்த்தார். பாரத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆலாமா! கொம்புத்தெர் தாக் போலே பாச்சா, டிக்."

கம்ப்யூட்டரால் இதைப் படிக்க முடியாது, தங்கச்சி என்று அர்த்தம். அந்தப் பாரத்தின் நான்கு மூலையிலும் கறுப்புக் கட்டம் அச்சடித்திருக்கும். இயந்திரம் அந்த நான்கையும் பார்த்துத்தான் காகிதம் நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுமாம். அம்மா நான்கு கட்டத்தின் மேலும் குறி தவறாமல் மஞ்சள் வைத்திருந்தாள். துடைக்கப் பார்த்தேன். மஞ்சள் போகிற சாமானா? இன்னும் பரவியது. கடைசி நாளுக்கு இரண்டே நாள் இருந்தது. அந்த அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு புதுப் பாரத்தை எடுத்து நீட்டினார்.

தபால் நிலையத்து உயரமான மேசையில் நின்றுகொண்டே நிரப்பினேன். முதல் கட்டத்தில் என் எண். இரண்டாவது உயிரியல், மூன்றாவது வேதியியல். மருத்துவத்துக்கு அதில் எந்த மூலையிலும் இடம் கொடுக்கவில்லை. பென்சிலை அழுத்திய அழுத்தலில் முனை இரண்டு தரம் உடைந்தது. பெற்றோர் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் மிச்சம். அப்பாவின் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக் கடிதங்களில் எத்தனையோ தரம் போட்டிருக்கிறேன். இதில் போட மனம் வரவில்லை. திருட்டுத்தனமாகப் போவதற்கு நான் என்ன தப்பா செய்கிறேன்?

சாயங்காலம் அப்பா வந்து பூட்ஸைக் கழற்றியதும் இரண்டு பாரத்தையும் அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா புதுப் பாரத்தின் மேல் விரலை வைத்து எண்களைப் பார்த்தார்.

"இது சார் குடுத்த நம்பர் இல்லையே."

"இல்ல. என் நம்பர்."

"சொன்னா கேக்க மாட்டியா நீ?"

"மாட்டேன்ப்பா. கையெழுத்துப் போடுங்க. போடலன்னா அனுப்ப மாட்டேன். ஆனா அந்த எட்டு நம்பரையும் இனிமே என் கையால எழுத மாட்டேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நோட்டை எடுத்து வந்து பாரத்தின் பக்கத்தில் திறந்து வைத்தேன். இரண்டு வருடத்து நீலமும் வெள்ளையும் அதில் இருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார். அவர் விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து உரிந்திருக்கும். நீலத் தண்ணீர் வந்த வாரங்களில் இன்னும் மோசம். அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள், அவ்வளவுதான் வைத்தியம்.

"இந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு உங்க கைக்குத் தெரியும்" என்றேன். "எனக்கு அதோட பேர் தெரியணும். பேர் தெரிஞ்சாதானே எவன் வாசல்ல போயி நிக்கணும்னு தெரியும்? நீங்க எறங்குனீங்க, வாருனீங்க. நான் எறங்கிக் கேக்கப் போறேன்."

"வேலை கெடைக்குமா?"

"தெரியாது."

நோட்டை மூடினார். பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டு முடித்த கணம், பழக்க தோஷத்தில் அம்மா மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா பாரத்தைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஏய், கிட்ட வராதே! மெசின் படிக்காதுலா!"

சில மாதங்களில் கடிதங்கள் வந்தன. மண்டபத்தில் என்னோடு பாயில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை. நல்ல மார்க் வைத்திருந்த சிலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை அவர்கள் கேட்கவே இல்லை. அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எனக்கு முதல் விருப்பம் கிடைத்தது.

கடிதம் வந்த மறுநாள் காலை லோரி வந்தது. எப்போதும் பேசாமல் ஏறி உட்காருகிற அப்பா, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்துச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எம்மக லோங்காங் படிக்கப் போவுதுலா. யுனிவர்சிட்டியில. நீலமா தொறந்து விடுறவன் எவனா இருந்தாலும், ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு!"

லோரி போன பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அன்றைக்கும் நீலம்தான். மணியைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.