ஆள் இறங்கும் வடம்

யுத்த காலத்தில் தேனிச் சந்தையின் விலை நிலவரத்தை மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அனுப்புவது என் வேலை. சந்தை நாளில் பருத்தி, கடலை, ஏலக்காய் மண்டிகளில் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் கயிற்றுக்கடை ஒன்றில் உட்கார்ந்து எழுதுவேன். அங்கே ஒரு மேசை இருந்தது. முதலாளி தேவைக்கு மேல் பேசமாட்டார்.

அந்தக் கடையில் யாரும் கயிற்றின் பருமனைப் பற்றியோ நாரைப் பற்றியோ கேட்டு நான் பார்த்ததில்லை. எதற்கு என்று மட்டும் சொல்வார்கள். மாடு கட்ட, பாரம் கட்ட, மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்க. அதற்குத் தக்கதை முதலாளி எடுத்துப் போடுவார். தேர்ந்தெடுப்பது அவர் பாடு. மாடு கட்டிய கயிறு நாலு நாளில் அறுந்தால் அதை அவர் முன்னால் கொண்டுவந்து போடுவார்கள். அவரும் மறுபேச்சு இல்லாமல் வேறு கொடுப்பார். வண்டியில் பாரம் கட்ட வாங்கியதை மாட்டுக்குக் கட்டி அறுத்துக்கொண்டு வந்தால் மட்டும், "நீங்க சொன்னது வண்டிக்கு" என்பார். அதற்கு மேல் வாதம் இருக்காது.

ஒரே ஒரு உபயோகத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. கிணறு வெட்டும்போது ஆளை உள்ளே இறக்கி ஏற்றும் வடம் அது. ஆளையும் கயிற்றையும் கிணற்றையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவருக்கு என்ன நினைவு வருமோ, அது நடந்துவிடும் என்று பயம். கயிற்றில் தொங்கியவரோ கிணற்றில் குதித்தவரோ இல்லாத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் "கெணத்து வேலைக்கு ஒரு வடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கல்லாப்பெட்டியின் மேல் வைப்பார்கள். பழம் இல்லையென்றால் கல்லும் மண்ணும் தூக்க. பழம் இருந்தால் ஆள் இறங்க.

பழத்தைப் பார்த்ததும் முதலாளி உள் அறைக்குப் போய் முழு வடம் கொண்டுவருவார். நுனியிலிருந்து நுனிவரை ஒட்டு இல்லாதது. கல் தூக்க ஒட்டு வடம் போதும். இரண்டு துண்டுகளின் புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துப் பின்னி இறுக்கியிருப்பார்கள். பாரம் தாங்கும். ஆனால் ஒட்டு கப்பியின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்னல் கொஞ்சம் இளகும். கல் விழுந்தால் மறுபடியும் தூக்கிக்கொள்ளலாம். புதுக் கயிறெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களில் கடையில் ஒட்டு வடம்தான் அதிகம் கிடந்தது.

இந்தப் பழ விவரம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சந்தை நாளில் தெரியாது.

அன்று முதலாளி போடிக்குப் போயிருந்தார். கடையில் இருந்தவர் அவருடைய மருமகன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து மாதம்கூட ஆகவில்லை. நான் போனபோது சர்பத் கலக்கிக்கொண்டிருந்தார்.

"வாருங்கோ. நல்ல நேரத்துக்கு வந்தீரு. ஜெயமங்கலத்துக்காரரு ஒருத்தரு வடம் எடுக்க வந்தாரு. பழத்த மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. நல்ல சாறுள்ள பழம்."

பாதியை எனக்கு ஊற்றினார். வெயிலுக்கு இதமாக இருந்தது. நான் விலைகளை எழுதி முடித்துவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தாள்களை மதுரை பஸ்ஸில் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்தேன். முதலாளி அப்போதுதான் போடியிலிருந்து திரும்பியிருந்தார். செருப்பைக் கழற்றப் போனவர், கல்லாப்பெட்டியின் ஓரம் கிடந்த பழத்தோலைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மாப்ள, இந்தப் பழம் ஏது?"

மருமகன் சொன்னார்.

"என்ன வேலைக்குன்னு கேட்டாக?"

"கெணத்து வேலைக்குன்னாரு மாமா. அந்த மூலையில கெடந்தத எடுத்துக் குடுத்தேன்."

முதலாளி மூலையைப் பார்த்தார். ஒட்டு வடம் கிடந்த இடத்தில் நார்த்தூசி வட்டமாகப் படிந்திருந்தது. அவர் மருமகனைத் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு முழு வடத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பேப்பர்காரரே, ஒரு பக்கம் பிடிங்க."

பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவால் ஓடிய பெரியகுளம் பஸ்ஸில் வடத்தை இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் போட்டோம். கண்டக்டர் கேட்டார்: "மொதலாளியே தூக்கிட்டுப் போறாகளே. ஆரு வீட்டுக்கு?" முதலாளி டிக்கெட்டுக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். எதிரில் இருந்தவர் வடத்தில் படாமல் காலை மடக்கிக்கொண்டார். வழியில் பஸ் நின்றது. கரியைக் கிளறிவிட்டு, விசிறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெண்கள் இறங்கி மரத்தடியில் வெற்றிலை போட்டார்கள். முதலாளி இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான், ரோட்டைப் பார்த்தபடி, பழத்தின் விவரத்தை எனக்குச் சொன்னார். சொல்லும்போதும் "அந்த வேலை" என்றுதான் சொன்னார்.

"நேத்தே கட்டியிருப்பாகளா?" என்று கேட்டேன்.

"நேரம் பாத்துக் கட்டுவாக. இன்னைக்குக் காலம்பற நல்ல நேரம்."

பெரியகுளத்தில் ஒரு குதிரைவண்டி பிடித்தோம். கிணறு வெட்டும் தோட்டம் எதுவென்று வண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஜெயமங்கலத்துக்கு வெளியே வரப்பில் இறங்கி நடந்தபோது, வாழைக்கு அப்பாலிருந்து கப்பியின் கிறீச்சொலி கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்வரை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். பாதி வரப்பில் அது நின்றுவிட்டது. முதலாளி நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வடத்தின் ஒரு பக்கம் என் தோளில் இருந்ததால் நானும் அதே நடையில் போனேன்.

கிணற்றின் மேல் இரண்டு பனங்கட்டைகள், நடுவில் கப்பி. வடத்தை இழுக்கும் ஜோடி மாடு நிழலில் நின்றது. தோட்டக்காரர், நடுவயதுக்காரர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மொதலாளி, இம்புட்டு தூரம்?"

"உள்ள ஆரும் இருக்காகளா?"

"ரெண்டு பேரு. இப்பத்தான் இறங்குனாக."

"மாட்ட அவுத்துவிடுங்க."

"எதுக்கு? காலம்பற இருந்து நல்லாத்தான் ஓடுது."

முதலாளி கையை நீட்டிக் காட்டினார். கப்பிக்குக் கீழே, எட்டித் தொட முடியாத தூரத்தில், ஒட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுப் பின்னலுக்குள் இருந்த புரிநுனிகள் வெளியே வந்து நாலு பக்கமும் விரிந்திருந்தன. தோட்டக்காரர் பார்த்தார். முகம் மாறியது.

"நான் பழம் வச்சேனே."

"வச்சீக. வடம் குடுத்த கைக்கு அது தெரியல."

புது வடத்தைப் பனங்கட்டையின் மறுபக்கம் போட்டு இறக்கினோம். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"எதுக்குண்ணே ரெண்டு கயிறு? ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்டாட்டிக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. காரணத்தையும் யாரும் சொல்லவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது அதைச் சொல்வது அதைவிடக் கெட்டது. "புதுசுல ஏறு. பழச தொடாத" என்று மட்டும் தோட்டக்காரர் சொன்னார். மாட்டைக் கட்டாமல், தோட்டத்து ஆட்கள் மூன்று பேரும் சேர ஆறு பேராகக் கையால் இழுத்தோம். முதலில் இளையவர் வந்தார், பிறகு மூத்தவர். மூத்தவர் தரையில் கால் வைத்ததும் எங்கள் முகங்களைப் பார்த்து, கப்பியை அண்ணாந்து பார்த்தார்.

ஆபத்து நீங்கியதும் தோட்டக்காரருக்குக் கோபம் வந்தது. "அறுந்துச்சா? அறுந்து போகலையே. கல்லுக்காவது ஆகும். இருக்கட்டும்."

"கல்லுக்குன்னு வச்சுக்கிருவீக. ஒருநாள் அவசரத்துக்கு ஒருத்தன் இதுலயே இறங்குவான்."

முதலாளி பழைய வடத்தை மேலே இழுத்துப் போட்டு, அரிவாளை வாங்கி ஒட்டின் மேல் வைத்தார். அரிவாள் பாதி இறங்குவதற்குள் மீதி தானாகப் பிரிந்து, இரண்டு நுனியும் இரண்டு பக்கம் விழுந்தன. மூத்தவர் ஒரு நுனியை எடுத்துப் பார்த்தார். "ஒரு பழத்துக்குப் போக இருந்தோம்டா" என்றார் இளையவரிடம். இளையவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அந்தப் பழத்தின் சர்பத்தில் பாதி என் வயிற்றுக்குள் போயிருந்தது. அதை நான் அங்கே சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து மதுரைக் கோர்ட்டில் ஓர் எண்ணெய் எஞ்சின் வழக்கைக் கேட்டு எழுத உட்கார்ந்திருந்தேன். சரக்கு எதற்கு வேண்டும் என்பதை வாங்குகிறவர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ தெரிவித்து, விற்கிறவரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், சரக்கு அந்த வேலைக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்று ஒரு வக்கீல் சட்டத்தை விளக்கினார். குறிப்பு என்ற சொல் வந்ததும் நான் எழுதுவதை நிறுத்தினேன். எலுமிச்சம்பழம் நல்ல குறிப்புதான். குறிப்பு வைத்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் அது சர்பத்தாக மாறிவிட்டால் பொறுப்பு யாருடையது என்று வக்கீலிடம் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. முதலாளி சட்டம் பார்த்து அந்த வடத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் அல்ல.

ஆனால் அடுத்த சந்தையிலேயே அவர் வழக்கத்தை மாற்றினார். கிணற்று வேலை என்று யார் வந்தாலும், பழம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், வாய்விட்டுக் கேட்டார்.

"ஆள் இறங்கவா, கல் தூக்கவா?"

அன்று நான் மேசையில் இருந்தேன். உத்தமபாளையம் பக்கத்துக்காரர் ஒருவர் பழத்தைக் கல்லாவின் மேல் வைத்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் முகம் வெளிறி, வாசலில் நின்ற தன் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மொதலாளி, காலங்காத்தால இப்படிக் கேக்கீக?"

"சொன்னாத்தான் குடுப்பேன். ஒரு சொல்லுத்தான்."

அவர் சொல்லவில்லை. பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு இறங்கினார். தெருவைத் தாண்டி எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த கயிற்றுக்கடைக்குப் போனார். அங்கே எதையும் கேட்பதில்லை. கல்லாவில் ஒரு புது ஆள் இருந்தார். பழத்தை வைத்ததும் அவர் அதை எடுத்து முகர்ந்து பார்ப்பது எங்கள் கடையிலிருந்தே தெரிந்தது.

முதலாளி எழுந்து வாசலுக்குப் போனார். அந்தக் கடையின் மூலையிலிருந்து ஒரு வடத்தை எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். அது எந்த வடம் என்று அந்தத் தூரத்திலிருந்து எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது, வண்டி கம்பம் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.