பட்டிக்காரரின் வலது கை

கொட்டாவி விட்டால் என் இடது தாடை டக்கென்று சத்தம் போடும். பதினோரு வருடமாக இப்படித்தான். அடித்தவர் என் அக்கா புருஷன். இன்றுவரை 'வலிச்சுதா' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கார் பட்டறையில் அவர் நசுங்கிய இடத்தில் பட்டி பூசித் தேய்ப்பவர், நான் பெயிண்ட் அடிப்பவன். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். வலது உள்ளங்கையைக் கதவின் மேல் தட்டையாக வைத்து மெல்ல இழுப்பார். நடுவில் யாராவது பேசினால், "வாயை மூடு, கை கேக்குது" என்பார். கண்ணுக்குத் தப்பும் பள்ளம் அந்தக் கைக்குத் தப்பாது. அவர் 'ம்' சொல்லாமல் நான் பெயிண்டைத் தொடக்கூடாது. ஒருநாள் தொட்டேன். "உங்க கை என்ன பெரிய கோர்ட்டா மச்சான்?" என்றும் கேட்டுவிட்டேன். விழுந்தது ஒரு குத்து.

என் தாடை வீங்கியது. அவர் கட்டைவிரலின் அடி எலும்பு உடைந்தது. கம்பி செருகி நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். "ஆறு வாரம் சும்மா உக்காரவா?" என்று மாவுக்கட்டோடு திரும்பியவர், மூன்றாம் வாரமே அதை அறுத்துப் போட்டுவிட்டு உப்புத்தாளைப் பிடித்தார். அக்காவிடம், "கை மேல கார் பானட் விழுந்துடுச்சு" என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

கோணலாகச் சேர்ந்த எலும்பு இந்தப் பதினோரு வருடத்தில் கட்டைவிரல் மூட்டைத் தின்றுவிட்டது. இப்போது டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார். பட்டித்தகடு நழுவி விழுகிறது. சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிடுகிறாள். புதுமாப்பிள்ளை என்று கேலி செய்தேன். "எனக்குப் பட்டன் போட ஆள் இருக்குடா. உனக்கு?" என்றார்.

இனி கம்பி உதவாதாம். தகடு வைத்து மூட்டையே பூட்ட வேண்டுமாம். "வலி போகும், பிடி வரும். ஆனா உள்ளங்கையை இப்படித் தட்டையா வைக்க முடியாது" என்று டாக்டர் மேசைமேல் தன் கையை வைத்துக் காட்டினார். இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது கையைப் பழக்குங்க மச்சான்" என்றேன், வெளியே வந்ததும்.

"அது செவிடு மாப்ள."

ஆபரேஷன் அன்று காலை, நர்ஸ் அவர் வலது மணிக்கட்டில் பேனாவால் அம்பு போட்டுவிட்டுப் போனாள். அக்கா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். தள்ளுவண்டியில் படுத்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"மாப்ள, அந்த இடது தாடையைக் கொஞ்சம் இப்படிக் காட்டு."