பத்மாவதி அம்மாளின் ராணி கலர் சுவர்

செவ்வாய்க்கிழமை காலை வல்லக்கோட்டை முருகன் கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மகள் செல்வியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அத்தை போய்ட்டாங்கம்மா. காபி எடுத்துக்கினு போனேன். தூங்குற மாரியே இருந்தாங்க."

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. மதில் ஓரமாக அப்படியே உட்கார்ந்து, "முருகா, கஷ்டப்படுத்தாம கூட்டிக்கினியே" என்று கைகூப்பினேன். நுரையீரல் கெட்டுப்போய், ஒவ்வொரு மூச்சையும் கடன் கேட்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தவர்கள். தூக்கத்தில் போனது பெரிய கொடுப்பினை.

போனவர்கள் பத்மாவதி அம்மாள். செல்வியின் மாமியார், எனக்குச் சம்பந்தியம்மா. வல்லம் வடகாலில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், வாசல் கேட்டிலிருந்து சமையலறை அலமாரி வரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும் வீடு அவர்களுடையது. அந்தப் பக்கம் யாரிடம் வழி கேட்டாலும் "கலர் வூடா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆட்டோவில் ஏறியதுமே என் நிம்மதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர்கள் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார்கள். தான் போன பிறகு அந்த வீட்டை வெள்ளையடிக்க விடக்கூடாது என்று. எங்கள் பக்கத்திலோ, சாவு விழுந்த வீட்டைக் கருமாதிக்கு முன்னால் வெள்ளையடித்தாக வேண்டும், அப்போதுதான் தீட்டுக் கழியும். பெண்ணைக் கொடுத்தவள் நான். சம்பந்தி வீட்டில் போய் நின்று அவர்கள் வழக்கத்தை எப்படித் தடுப்பேன்? அந்தப் பயத்தோடுதான் போனேன்.

அவர்களை நான் முதலில் பார்த்தது செல்வியைப் பெண் கேட்டு வந்த பிறகு, நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று. அப்போது இந்த வீடு இல்லை. ஓட்டு வீடு, உள்ளும் புறமும் சுண்ணாம்பு. பேசியதெல்லாம் அவர்களுடைய கணவரின் அண்ணன் ஏகாம்பரம்தான். மாப்பிள்ளையைப் பெற்ற தாய் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சந்தன நிறப் புடவையில் நின்றிருந்தார்கள். நல்ல காரியம் பேசும் இடத்தில் முன்னால் வரக்கூடாது என்று ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் நான்தான் உள்ளே போனேன். சீர் பற்றிக் கேட்பார்கள், நகை பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"உங்க பொண்ணுக்கு இன்னா கலர் புடிக்கும்?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்த எனக்கு அது தெரியவில்லையே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். செல்வியைக் கேட்டால், "ராணி கலர்" என்றாள். அதை அவர்களுக்குச் சொல்லியனுப்பினேன்.

பிறகு பழகிய காலத்தில் அவர்களே சொன்னார்கள். மகன் குமரன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கணவர் போய்விட்டாராம். கருமாதிக்கு வீட்டை வெள்ளையடித்தார்கள். அதே கையோடு இவர்களுடைய நல்ல புடவைகளை எடுத்து நாத்தனார்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஒரே வாரத்துல வூடும் வெள்ள, நானும் வெள்ள சம்பந்தியம்மா. செவுத்துல சாஞ்சி நின்னா நான் எது செவுரு எதுன்னு தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

குமரனுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரமானதும் இந்த வீட்டைக் கட்டினார். பூச்சு வேலை முடிந்து பெயிண்ட் கடைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் கிரீம் கலரை எடுத்து எடுத்துக் காட்டினார். சம்பந்தியம்மா வண்ண அட்டையை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். விரல் ராணி கலரில் நின்றது.

"ஹாலுக்கா? நாலு செவுருமா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு மட்டும். ஒரு செவுரு கத்தணும். மத்த மூணும் வாய மூடிக்கினு கேக்கணும்."

சமையலறைக்குக் கிளிப்பச்சை. படுக்கும் அறைக்கு மயில் கழுத்து நீலம். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் சிவப்பு பீரோ ஒன்று. மரத்தின்மேல் கண்ணாடிபோல் பெயிண்ட் பூசியது. எதிரில் நின்றால் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

கிரகப்பிரவேசத்தன்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "இன்னா சம்பந்தியம்மா, இது வூடா, ஆடி மாச ஜாத்திரையா?" என்றேன்.

"உள்ள வாங்க, ராட்டினமும் கீது" என்றார்கள்.

ஏகாம்பரம் பெரியவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. எல்லார் எதிரிலும் கேட்டார், "இன்னாம்மா, தம்பி போய் இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் உனுக்குக் கலர் கேக்குதா?"

சம்பந்தியம்மா தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னார்கள், "கட்டிக்கிறதுக்குத்தான் கூடாதுன்னீங்க மாமா. நான் கட்டிக்கல. செவுத்துக்குத் தாலியா கட்டியிருந்தாங்க?"

பெரியவர் சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டுக்கே சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள். வாங்கிச் சாப்பிட்டார்.

கலர் அடிப்பது பெரிதில்லை, காப்பாற்றுவதுதான் பெரிது என்பார்கள். எங்கள் பக்கத்தில் லாரியும் டிரெய்லரும் ஓடாத நேரம் கிடையாது. காலையில் துடைத்தால் மத்தியானம் பீரோவின்மேல் பேர் எழுதலாம். குமரன் அம்மாவுக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தார். கம்பெனியில் இயந்திரம் துடைக்க மூட்டை மூட்டையாகப் பனியன் துணி வரும். எங்கள் ஊர்களில் பாதி வீடுகளில் அதுதான் கைத்துணி. மாப்பிள்ளை லைனில் துடைத்துப் போட்ட துணி நாலைந்தை அலசிக் காயவைத்துக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை பீரோவை அழுத்தி அழுத்தி, வட்டம் வட்டமாகத் துடைத்திருக்கிறார். துணியில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது தெரியவில்லை. வெயில் வந்து விழுந்ததும் பார்த்தால், சிலந்தி வலை கட்டினாற்போல் பீரோ முழுக்கக் கீறல்.

நான் அன்று அங்கே இருந்தேன். மாப்பிள்ளை திருடனைப்போல் நின்றார். சம்பந்தியம்மா கீறலின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "பளபளப்புதான்டா போச்சு, செவப்பு போவல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை கார் பாலிஷ் வாங்கிவந்து, கார் பெயிண்ட் வேலை தெரிந்த நண்பர் ஒருவரையும் கூட்டிவந்து, அடுத்த விடுமுறை முழுக்க இரண்டு பேருமாக உட்கார்ந்து தேய்த்தார்கள். முக்கால்வாசி போனது. மிச்சம் பீரோவின் பக்கவாட்டில் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த பீரோவை வேறு யாரும் தொடக்கூடாது. பெட்டியிலிருந்து இறந்த கணவரின் பழைய வேட்டியை எடுத்துக் கிழித்து வைத்துக்கொண்டார்கள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டி. முதலில் காய்ந்த துண்டால் அழுத்தாமல் தூசியைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு சொட்டு ஷாம்பு விட்ட தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, மேலிருந்து கீழே நேராக ஒரே இழுப்பு. வட்டம் கூடாது. ஈரம் நிற்பதற்குள் காய்ந்த துண்டால் ஒற்றிவிட வேண்டும். பளபளப்பு வரட்டுமே என்று ஒருமுறை நான் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்தேன். "தலைக்கு வெச்சிக்கங்க. இதுக்கு வெச்சா ரோட்டுத் தூசி மொத்தமும் குடும்பத்தோட குடிவந்துரும்" என்றார்கள். மேற்கு வெயில் பட்டால் சிவப்பு வெளுக்கும் என்று மூன்று மணிக்கெல்லாம் திரையை இழுத்துவிடுவார்கள்.

தம்பி வேட்டி துடைக்கும் துணியானதைப் பெரியவர் பார்த்துவிட்டுக் கொதித்தார். "அவரு இருந்தப்ப வூட்டுல ஒரு வேல செஞ்சதில்ல மாமா. இப்பனாச்சும் செய்யட்டும்" என்றார்கள். கோபமாக வந்த மனிதர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் இருவருக்கும் பேத்தி நிவேதா. டிப்ளமோ படித்துவிட்டு இப்போது ஒரகடத்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கார் கதவில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள், சூப்பர்வைசரே அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அந்தக் கண் அப்பாயியிடமிருந்து வந்த கண் என்று ஊரே சொல்கிறது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதை நான்தான் அவ்வப்போது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் போயிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. சம்பந்தியம்மா பீரோ எதிரில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைத்து முடித்தும் நகரவில்லை.

"இன்னா அப்டி பாக்குறீங்க?"

"இங்க வந்து நில்லுங்க" என்று என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். "என் பொடவ இன்னா கலரு?"

"சந்தனம்."

"இதுல பாருங்க."

பார்த்தேன். அந்தச் சிவப்புப் பளபளப்பில் அவர்கள் சிவப்புப் புடவை கட்டி நின்றிருந்தார்கள். கல்யாணப் பெண்ணைப்போல. "இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா, நான் ஒண்ணு எடுத்துத் தரேன், கட்டிக்கங்க" என்றேன்.

"வாணாம் சம்பந்தியம்மா. அத கட்டுனா ஊரு முழுக்க என்னப் பாக்கும். இதுல நான் மட்டுந்தான் பாப்பேன்" என்றார்கள். அன்றைக்கு என்னையும் பார்க்க விட்டார்கள்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகத்தில் மாட்டியிருந்த குழாயை ஒதுக்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். "நான் போனா வெள்ளையடிச்சிருவாங்க. குமரன் பெரியப்பா பேச்சத் தட்ட மாட்டான். செல்வி வாயத் தொறக்க மாட்டா. ஒருக்கா வெள்ளையில இருந்துட்டேன். மறுக்கா என் வூட்ட அதுல உடாதீங்க." சரி என்று அவர்கள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன்.

நல்லபடியாக எடுத்தார்கள். காரியமெல்லாம் முறைப்படி நடந்தது. நாளை மறுநாள் கருமாதி. இன்று காலை பெரியவர் பெயிண்டரோடு வந்து இறங்கினார். பெயிண்டர் கையில் வெள்ளை டப்பா. நான் எழுந்தேன்.

"சம்பந்தி, ஒரு வார்த்த" என்றேன். "தீட்டுக் கழியணும், அதுக்குப் புதுசா அடிக்கணும். அவ்ளோதானே? அந்தக் காலத்துல சுண்ணாம்பு ஒண்ணுதான் இருந்துச்சி, அத்த அடிச்சாங்க. வெள்ளதான் அடிக்கணும்னு யாரு சொன்னா?"

"ஏம்மா, உங்கூரு பழக்கத்த இங்க கொண்டாராதீங்க. இது எங்க வூடு" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு பெயிண்டரைப் பார்த்தார், "நீ ஆரம்பிப்பா."

பெயிண்டர் ராணி கலர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பெரியவரே, இது மேல வெள்ள ஏறாது. ரெண்டு நாளுல அடிச்சா ரோஸாத்தான் தெரியும்."

"ரோஸா தெரிஞ்சாலும் பரவால்ல, அடி."

நான் அடுத்து என்ன சொல்வது என்று திணறினேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சமையலறையிலிருந்து செல்வி வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியவர் எதிரில் நின்று பேசாதவள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நேராகப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"பெரிய மாமா, இந்தச் செவுத்துக்கு இந்தக் கலரு எனக்குப் புடிக்கும்னு அடிச்சது. நான் வர்றதுக்கு முன்னாடியே அத்தை கேட்டுக்கினாங்க. இதுல வேற எதுவும் அடிக்க வாணாம்."

சொன்ன பிறகும் நகரவில்லை. மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு அவரும் போய்ப் பக்கத்தில் நின்றார். "ஆமா பெரியப்பா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. போதும்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், அதன் எதிரில் நிற்கும் இரண்டு பேரையும் பார்த்தார். கடைசியில் பெயிண்டரிடம், "இந்தக் கலரு கடையில கெடைக்குமா?" என்று கேட்டார்.

"கெடைக்கும்."

"அப்ப போய் வாங்கியா. மொதல்ல மஞ்சத் தண்ணி தெளிச்சிரு. ரெண்டு கோட்டு அடி, அர வேல செய்யாத."

நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. சம்பந்தியம்மா, வாயே திறக்க மாட்டாள் என்று நீங்களும் நானும் சேர்ந்து முடிவு கட்டியிருந்த பெண் அவள். நான் பாதியில் நின்றேன், அவள் முடித்துவிட்டாள்.

நிம்மதியாகப் போய்வாருங்கள். சாயந்தரம் ஷிப்ட் பஸ்கள் தெருமுனையில் திரும்பும் நேரம் இது. இரண்டாவது கோட்டு அடித்து முடித்தாகிவிட்டது. துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நான் வாசலிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பார்த்து வாங்க, அந்தச் செவுத்துல சாஞ்சிராதீங்க, இன்னும் ஈரமாத்தான் இருக்கு.