சர்க்கரை குறைந்த சந்தோஷம்

என் கணவருக்குப் பத்து வருடமாக இன்சுலின் ஊசி, போடுவது நான்தான். சென்ற ஆண்டு அவருக்குச் சர்க்கரை தானாகவே குறைந்துகொண்டு வந்தது. நான் வைத்துக் கொடுத்த ஆவாரம்பூக் கஷாயம்தான் காரணம் என்ற பெருமையில், பட்டாபிராமில் எங்கள் தெரு முழுக்கப் பூவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஊசியின் அளவை மாற்றவில்லை.

ஒருநாள் காலையில் அவர் வியர்த்து ஒழுக, வாசலில் நின்று உளறினார். எதிர்வீட்டு சுமதி, "இன்னாக்கா, அண்ணன் காலைலயே குடிச்சிகீறாரா?" என்றாள். டீ தவிர எதையும் குடிக்காத மனுஷர். சுகர் மிஷினில் பார்த்தால் நாற்பத்தெட்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபின்தான் தெளிந்தார்.

ரத்தம் பரிசோதித்த டாக்டர், "கிட்னி கெட்டிருக்கும்மா. போட்ட இன்சுலினைக் கழிக்கிறதுல கிட்னிக்குப் பெரிய பங்கு. இப்ப அதால முடியல. மருந்து உடம்புலயே தங்கிடுது, சுகர் இறங்குது" என்று சொல்லி, ஊசியின் அளவைக் குறைத்தார்.

இப்போதெல்லாம் எண் இறங்கினால் நான் சந்தோஷப்படுவதில்லை. கிட்னிக்கும் பரிசோதனை எடுத்துவிடுகிறோம். பூ வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போய் இதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. கடைசியாகச் சுமதி வீடு. அவளும் இன்சுலின் போடுகிறவள்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அக்கா, உன் பூ சூப்பர். எனக்கும் சுகர் குறைஞ்சிகினே வருது" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"கிளம்புடி, டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லி, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.