ஆளில்லாத குதிரை மேல் அதிபர்

இதைப் படித்துவிட்டு என்னைப் பைத்தியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. குடித்திருந்தாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். விடிகாலையில் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் கண்ணால் பார்த்ததை, என் கையால் தொட்டதை மட்டும்தான் எழுதுகிறேன்.

வர்ஜீனியாவில் எனக்கு ஒரு குதிரை லாயம் இருக்கிறது. குதிரைகளைப் பழக்குவேன், சவாரிக்கு வாடகைக்கு விடுவேன். பாதி ஆயுள் இதிலேயே போய்விட்டது. அதனால் அதிபர்களின் குதிரைப் பாசத்தைப் பற்றி யாரும் என்னிடம் கதை அளக்க முடியாது.

இந்த நாட்டில் ஓட்டு வேண்டுமென்றால் குதிரையைக் கொஞ்ச வேண்டும். அது எழுதாத சட்டம். ஒரு அதிபர் வெள்ளை மாளிகைக்குள்ளேயே மின்சாரக் குதிரை ஒன்றை வைத்துக்கொண்டு அதன் மேல் குலுங்கினார். இன்னொருவரின் குதிரை மாளிகைப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். பார்க்க வந்த ஜனமெல்லாம் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அதன் வாலிலிருந்து முடியைப் பிடுங்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அதிபருக்குக் கிடைத்தது பேரும் புகழும். குதிரைக்கு மிஞ்சியது மொட்டை வால்.

எங்கள் பக்கத்திலிருந்து போய் அதிபரானவர் ஹோலிஸ் ப்ராண்ட்வெல். 'குதிரை மேலேயே பிறந்தவர்' என்று பத்திரிகைகள் எழுதும். பிறந்தது என்னவோ வங்கி முதலாளி வீட்டில். கேமராவுக்குத் தெரியாத பக்கமாக ஏணி போட்டுத்தான் ஏறுவார். ஏறிவிட்டால் கடிவாளத்தைப் பிடித்து ரம்பம் இழுப்பது போல இழுப்பார். பேசுவதற்கு முன்னால் தொண்டைக்குள் சின்னதாக ஒரு செருமல் செருமுவார். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தேர்தல் சமயத்தில் வில்லோ என்ற என் சாம்பல் நிறப் பெண்குதிரையைக் கேட்டார். கொடுத்தேன். அவருடைய பண்ணையில் வயலின் கடைசியில் ஒரு கல்சுவர் இருக்கிறது. டிவிக்காரர்கள் பார்க்க அதைத் தாண்டப் போகிறேன் என்றார். மழை பெய்து மண் வழுக்குகிறது, வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. குதிகாலில் மாட்டியிருந்த முள்ளால் குத்திக் குத்தி ஓட்டினார். வில்லோவின் கால் முறிந்தது. என் கண்ணெதிரே அதைச் சுட வேண்டியதாயிற்று. அந்த ஆள் பத்தடி தள்ளி நின்று, "உயிர்த் தோழியை இழந்துவிட்டேன்" என்று கேமராவைப் பார்த்து அழுதார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த அழுகைக்கே பாதி நாடு ஓட்டுப் போட்டது.

அவருடைய சவ ஊர்வல ஒத்திகைக்குத்தான் அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆள் அப்போது சாகவில்லை. பதவி முடிந்து வந்தவர், பக்கவாதம் வந்து பண்ணை வீட்டு மாடியில் மரக்கட்டையாகக் கிடந்தார். எங்கள் அதிபர்கள் தங்கள் ஊர்வலத்தைத் தாங்களே திட்டம் போட்டு வைத்துவிடுவார்கள். பெட்டிக்குப் பின்னால் ஆளில்லாத கறுப்புக் குதிரை ஒன்று நடக்க வேண்டும். கால் வைத்து ஏறும் அங்கவடிகளில் அவருடைய பூட்ஸைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்க வேண்டும். இவர் இனி ஏறமாட்டார் என்று அதற்குப் பொருள்.

அவர் எழுதி வைத்திருந்த குதிரை என் ஜூனிபர். என் மடியில் தலை வைத்துப் பிறந்த பிள்ளை. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆளைப் புதைப்பதற்கு ஒத்திகை என்றதும் கால் தானாகக் கிளம்பிவிட்டது.

நல்ல பனிமூட்டம். வண்டியை ஓட்டி வந்த என் தம்பி டூயி கதவைத் திறந்து ஜூனிபரை இறக்கினான். அதிபருடைய சேணத்தைப் பூட்டினேன். குதிகால் முள்ளோடு, பளபளவென்று அவருடைய பூட்ஸ் வந்தது. அடியில் ஒரு கீறல் இல்லை. பின்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். ஊர்வல ஏற்பாட்டைக் கவனிக்கும் அதிபரின் அறக்கட்டளை ஆள் ப்ரெஸ்காட் போனில் படம் எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன மேடம் இது? கேமராவுக்குக் குதிகாலையா காட்டுவாங்க?"

"அதுதான் முறை. செத்தவர் இனிமே ஏறமாட்டார்னு அர்த்தம்."

"அவர் இன்னும் சாகலையே! இன்னைக்கு மட்டும் முன்னால பாக்குற மாதிரி வைங்க. படத்துல எடுப்பா இருக்கும்."

"அப்படி வெச்சா ஆளு ஏறி உக்காந்திருக்கார்னு அர்த்தமாயிடும்."

டூயி சிரித்தான். "விடுக்கா. மனுஷன் நல்லா இருந்தப்பவே ஏறத் தெரியாம முழிச்சவரு. இப்ப மாடியிலேர்ந்து இறங்கி வந்தா ஏறப்போறாரு?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பூட்ஸை முன்பக்கமாகத் திருப்பி மாட்டினேன்.

டூயி வண்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டான். பண்ணையிலேயே அவருக்குக் கட்டி வைத்திருந்த கல்லறைக்குப் போகும் பாதை அந்த வயலை ஒட்டிப் போகிறது. நான் ஜூனிபரின் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். ப்ரெஸ்காட் போனைப் பார்த்தபடி வெகு பின்னால் வந்தார். கொஞ்ச தூரத்தில் பனி அவரை மறைத்துவிட்டது.

முதலில் சத்தம்தான் கேட்டது.

க்ரீச்... க்ரீச்...

சேணத்துத் தோல் முனகுகிற சத்தம். அது எனக்குப் பழகிய சத்தம். ஆனால் மேலே ஆள் உட்கார்ந்தால்தான் அது வரும். வெறும் சேணம் முனகாது. நின்றேன். சத்தமும் நின்றது. பனியில் தோல் ஈரமாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடந்தேன். குளம்புச் சத்தம் மாறியிருந்தது. சுமை ஏற்றிய குதிரை போல ஜூனிபர் அழுத்தி அழுத்திக் கால் வைத்தான். திரும்பிப் பார்த்தேன். வெறும் அங்கவடி நடக்கும்போது ஆடிக்கொண்டே வரும். இவை ஆடவில்லை. இரண்டு பக்கத்து வார்களும் விறைப்பாக, நேராக நின்றன.

யாரோ மிதித்துக்கொண்டிருப்பது போல...

"ப்ரெஸ்காட்!" என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

பக்கத்தில் போய் இடது பூட்ஸைப் பிடித்தேன். திருப்பி மாட்டிவிடலாம் என்றுதான். அசையவில்லை. இரண்டு கையாலும் பலமாகத் திருகினேன். உள்ளே ஏதோ இருந்தது.

அது திருகிக்கொண்டு எதிர்த்தது.

பூட்ஸ் சூடாக இருந்தது.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினேன். ஜூனிபரின் வாய் பிளந்துகொண்டது. கழுத்தில் சும்மா கிடந்த கடிவாள வார் தானாக மேலே எழும்பி இறுகியது. இடது பக்கம் ஒரு வெட்டு. வலது பக்கம் ஒரு வெட்டு. ரம்பம் இழுப்பது போல.

உலகத்தில் ஒரே ஒரு மடையன்தான் கடிவாளத்தை அப்படி இழுப்பான்.

அப்போது என் தலைக்கு மேலே, பனிக்குள்ளே...

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கால்சட்டை நனைந்துவிட்டது.

ஜூனிபரின் விலாவில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. முள் குத்திய ரத்தம். அவன் வலி தாங்காமல் கத்தினான். பாதையை விட்டு வயலுக்குள் திரும்பினான். கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான்.

எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும்.

வயலின் கடைசியில் கல்சுவர் கறுப்பாகத் தெரிந்தது. தரை முழுக்கச் சேறு.

சுவருக்குக் கொஞ்சம் முன்னால் ஜூனிபர் நின்றான். இல்லை, நிறுத்தப்பட்டான். பின்னால் தள்ளப்பட்டான். ஓடி வந்து தாண்ட இடம் வேண்டுமல்லவா? அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. கண் வெள்ளையாக உருண்டு என்னைப் பார்த்தது. பிறந்த அன்று பார்த்த அதே கண்.

"வேண்டாம்... இவனையும் கொன்னுடாதே," என்று கெஞ்சினேன்.

மேலே ஒரு சிரிப்பு. மெதுவாக.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் பயம் போய்விட்டது. அவ்வளவு கேவலமான சிரிப்பு அது. செத்தாலும் சரி, சாகாவிட்டாலும் சரி, இவனுக்கு இன்னொரு குதிரையைக் கொடுக்க மாட்டேன். இடுப்பிலிருந்த கத்தியை உருவினேன்.

குதிரை பாய்ந்தது.

நானும் கூடவே ஓடினேன்.

வயிற்று வாரில் கத்தியை வைத்து இழுத்தேன்.

ஒரு தடவை... இரண்டு தடவை...

வார் அறுந்தது!

சேணம் சரிந்தது. சேற்றில் 'தொப்'பென்று விழுந்தது. அதற்கு அடுத்த நொடி, அதை விடப் பெரிதாக, அதை விடக் கனமாக இன்னொன்று விழுந்தது.

ஹக்... என்று மூச்சு வெளியேறும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. பண்ணை வீட்டு மணி அப்போது ஏழு அடித்துக்கொண்டிருந்தது.

ஜூனிபர் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்று மூச்சு வாங்கினான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். சேணம் ஓரமாகக் கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி, ஈரப் புல் ஓர் ஆள் நீளத்துக்கு நசுங்கிப் பள்ளமாகியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

ப்ரெஸ்காட் மூச்சிரைக்க ஓடி வந்தார். சேணத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்ன மேடம் பண்ணிட்டீங்க! இது மியூசியத்துக்குப் போக வேண்டிய சேணம்! யாரு இதுக்குப் பதில் சொல்றது?"

குதிரையின் விலாவில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவே இல்லை. அந்த அதிபருக்கு ஏற்ற ஆள்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கேட்டார். முகம் வெளுத்தது.

"வீட்டுலேர்ந்து... ஐயா இப்பத்தான் போயிட்டாராம்."

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே செய்தி. தூக்கத்திலேயே அமைதியாக உயிர் பிரிந்ததாம். குதிரைகளின் உற்ற நண்பராம். ஊர்வலத்துக்கு வேறு எங்கிருந்தோ ஒரு குதிரையைக் கொண்டு வந்தார்கள். நான் போகவில்லை. டிவியையும் போடவில்லை. அந்த மனுஷனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் எனக்கு வரவில்லை.

வசந்தம் வந்தபோது ஒடெஸா என்ற பெண் தன் மகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கக் கேட்டு லாயத்துக்கு வந்தாள். அதிபரைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட நர்ஸ் அவள்தான் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாராமே?" என்று கேட்டேன்.

மகள் தள்ளிப் போகும்வரை ஒடெஸா காத்திருந்தாள்.

"அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. மாசக்கணக்கா விரலைக்கூட அசைக்காத மனுஷன்மா. அன்னைக்குக் காலையில திடீர்னு ரெண்டு முட்டியும் மடங்கிடுச்சு. குதிகாலால மெத்தையை உதைக்க ஆரம்பிச்சாரு. சிரிச்சாரு. நான் பயந்து நிக்கறேன், மணி ஏழு அடிக்குது... யாரோ புடிச்சுத் தள்ளின மாதிரி, கட்டில் கம்பியைத் தாண்டித் தலைகுப்புற விழுந்தாரு. கழுத்து முறிஞ்சிடுச்சு."

என் கை லாயத்துக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டது.

"இன்னொண்ணு இருக்கு," என்றாள். "டாக்டர் வர்றதுக்குள்ள நானே சுத்தம் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அது மாடி ரூம். கீழே கம்பளம். ஜன்னல்கூடத் திறக்கல."

"என்ன பாத்தே?"

"புரட்டிப் போட்டேன்மா. அவர் வாய் நிறைய சேறும்... பச்சைப் புல்லும்."