உள்ளே இருந்தவனுக்கு ஆப்சென்ட்

கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது என் தொழில். கடைசி பெஞ்சைப் பிடிக்க முதலில் ஓடுகிற மாணவர்கள் ஆசிரியர்கள்தான் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆட்டிசம், எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் சிரமம், ஓரிடத்தில் கவனம் நிற்காமை என்று மூளை வேறு விதமாக இயங்கும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எட்டுகிற மாதிரி எப்படிப் பாடம் நடத்துவது, எப்படித் தேர்வு வைப்பது என்பதுதான் என் பாடம். கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரு வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். நல்லதைச் சொல்லப் போய் அலுத்துத் திரும்பியவர்கள் இதைப் படித்தால், பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

எதற்காகக் கூப்பிட்டார்கள்

முதல்வர் மிக மரியாதையான மனிதர். இளநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தரச்சான்றுக் குழு வரப்போகிறது, இந்த மாதிரிப் பயிற்சி நடத்தினால் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்றார். நோக்கம் எதுவானால் என்ன, வகுப்பு நடந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்கள் கல்லூரியில் இப்படிப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர் சார்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நம்ம காலேஜ்ல அப்படி யாரும் இல்லீங்க மேடம். தெரிஞ்சிருந்தா சேத்தியிருக்க மாட்டோமுங்க."

ஐம்பது நிமிடம்

முதல் நாள் வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர் தங்கவேல் முன்வரிசையில் இருந்தார். சில மாணவர்களால் முழு வகுப்பும் அசையாமல் உட்கார முடியாது, நடுவில் எழுந்து நடக்க விடலாம் என்று நான் சொன்னதுமே கையைத் தூக்கினார். "ஐம்பது நிமிஷம் உக்கார முடியாதவன் எதுக்குங்க இன்ஜினியர் ஆகோணும்? இதெல்லாம் வளர்ப்புங்க" என்றார். பின்வரிசையில் கைதட்டினார்கள்.

அதைச் சொல்லும்போதே அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு போன் பேச வெளியே போனார், வந்தார். தண்ணீர் குடிக்கப் போனார், வந்தார். ஜன்னலோரம் நின்று கைகளை நீட்டி மடக்கினார். நான் தடுக்கவில்லை. அதைத்தானே அனுமதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளைக்கு முன்பே என்னிடம் வந்து நின்றார்.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுப்போடுங்க. இப்படி ஒரே இடத்துல உக்காத்தி வெச்சா மனுசனால முடியுமுங்களா?"

சுகன்யா செய்தது

எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நின்றார். கணிதம் எடுக்கும் சுகன்யா, வேலைக்கு வந்து நான்கைந்து வருடம் ஆன உதவிப் பேராசிரியை. "எலக்ட்ரானிக்ஸ்ல கவின்னு ஒரு பையனுங்க. சூலூர்ல இருந்து வர்றான். கேள்வி கேட்டா வாயே திறக்க மாட்டான். பேப்பர்ல கேட்டா நான் நடத்தாத வழியில எல்லாம் கணக்கைப் போட்டுத் தர்றான். திமிர்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலீங்க" என்றார்.

கவினுடைய அம்மாவிடம் பேசினோம். சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சொன்னால் சீட் கிடைக்காது என்று மறைத்திருக்கிறார். சுகன்யா பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. அன்றைக்கு என்ன நடத்தப்போகிறார் என்பதை முதலிலேயே போர்டில் எழுதினார். வாயால் சொல்லும் வேலையை எழுதியும் கொடுத்தார். கதவோரம் உட்காரக் கவினுக்கு அனுமதி கொடுத்தார். அடுத்து வந்த தேர்வில் கவின் மட்டுமல்ல, வழக்கமாகக் கோட்டைவிடும் வேறு சிலரும் தேறிவிட்டார்கள். உடனே முதல்வரிடம் புகார் போனது. ஒரு பையனுக்கு எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே என்று அவர் சுகன்யாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"கேக்கட்டுங்க சார். கேக்கறதுக்குத்தான பசங்க வாராங்க."

அமைதி அறை

சத்தமும் கூட்டமும் தாங்காத மாணவர்கள் சற்று நேரம் தனியாக இருக்க ஓர் அறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஆச்சரியமாக, உடனே ஒதுக்கினார்கள். திறப்பு விழாவுக்கு ஜமாப் மேளம் ஏற்பாடு செய்திருந்தார்கள். அடித்த அடியில் கட்டடமே நடுங்கியது. கவின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினான். சுகன்யா அவன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

அடுத்த மாதம் போனபோது அறை பூட்டியிருந்தது. அலுவலகக் கண்காணிப்பாளரிடம் சாவி கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், தொறந்து வெச்சா பசங்க உள்ள போயி உக்காந்துக்கறாங்களுங்க. குழு வரவரைக்கும் அப்படியே இருக்கட்டுமுங்க."

வைவா

லேப் தேர்வில் தங்கவேல் கவினைக் கூப்பிட்டு நேரடியாகக் கேள்வி கேட்டிருக்கிறார். கவின் தரையைப் பார்த்துக்கொண்டு, எழுதித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறான். முகத்தைப் பார்த்துப் பதில் சொல் என்றிருக்கிறார் அவர். அதற்குப் பிறகு கவினுக்குப் பேச்சே வரவில்லை. நின்றுகொண்டே இருந்தவனுக்கு ஆப்சென்ட் போட்டு அனுப்பிவிட்டார்.

அன்று இரண்டாம் கட்டப் பயிற்சிக்காக நான் அங்கே இருந்தேன். சுகன்யாவும் நானும் முதல்வரிடம் போய், எழுத்தில் ஒரு முறை கேளுங்கள் என்று மன்றாடினோம். குழு வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். வெளியே வராந்தாவில் கவினின் அம்மா உட்கார்ந்திருந்தார். சொந்தமாக இரண்டு தறி ஓட்டுகிறவர். நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தார். சேலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. அவர் அழவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"மார்க்குப் போடாட்டிப் போகுதுங்க. எம்பையன் அங்கயேதானுங்க நின்னுட்டு இருந்தான். நின்னவனை வரவே இல்லைன்னு எப்படிங்க எழுதினாங்க?"

சேர்க்கைப் பணி

கவின் அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போகவில்லை. பஸ் வரும் நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவான், கிளம்ப மாட்டான் என்று அவன் அம்மா சொன்னார். மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். சுகன்யாவை வகுப்பிலிருந்து எடுத்து, சத்தியமங்கலம் பக்கம் வீடு வீடாகப் போய் அடுத்த வருடத்துக்குப் பிள்ளை பிடிக்கும் வேலையில் போட்டார்கள். கல்லூரியின் சிறப்பு என்று சொல்ல வேண்டியவற்றில் அமைதி அறையும் இருந்ததாம். ஒரு வீட்டில் அதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன் என்றார் சுகன்யா. அடுத்த வாரமே ராஜினாமா.

இப்போது சிங்காநல்லூரில் தன் வீட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். அஞ்சல் வழியில் கணிதம் படிக்கும் கவினும் சூலூரிலிருந்து பஸ் பிடித்து அங்கே வருகிறான். ஒரு நாள் நான் போயிருந்தபோது, காலேஜ் ஞாபகம் வருமா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவன் மின்விசிறியைப் பார்த்தபடி நன்றாக யோசித்தான்.

"கேண்டீன்ல தேங்கா பன்னு நல்லா இருக்குமுங்க. மத்தபடி ஒண்ணுமில்லீங்க."

மறுபடியும் ஒரு போன்

போன மாதம் முதல்வர் பேசினார். குழு வந்து பார்த்து, பாராட்டி, நல்ல தரமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த வருடமும் நீங்கள்தான் வர வேண்டும் என்றார். கவின் விஷயத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தப் பையன் கதையையே பேச்சுல சேத்திச் சொல்லுங்க மேடம், கேக்கறவங்க மனசுல நிக்குமுங்க."

இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்ததில், நான் சொன்னபடி செய்த ஒரே ஆசிரியைக்கு இன்றைக்குக் கல்லூரியில் வேலை இல்லை. மற்ற எல்லோரிடமும் என் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது.