பெருங்குடலுக்குப் பரிந்து பேசுகிறவள்

முன்பின் தெரியாத ஒருவரிடம் பேரைக் கேட்ட கையோடு, "காலையில ஒழுங்கா வெளிக்குப் போகுதா?" என்று கேட்கிற உரிமை எங்கள் தொழிலில்தான் உண்டு. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். பெருங்குடல் புற்றுநோய்க்குப் பயந்து வருகிறவர்களும், அது வந்து மீண்டவர்களும்தான் என்னிடம் அதிகம். வீட்டில் யாரையாவது கீரை சாப்பிட வைக்கப் பார்த்து முறைப்பு வாங்கியிருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

மஞ்சள் மாத்திரை

பக்கத்து ஊரான மேருவில் லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, என்ன சாப்பிடலாம் என்று கேட்க வந்தார். பேச்சுவாக்கில், மலத்தோடு ரத்தம் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் சத்து மாத்திரை. குடல் புற்றுநோய் கிட்டவே வராது என்று கூட்டாளி ஒருவர் விற்றாராம். மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, மஞ்சள் நல்லதுதான். அதுல இருக்கிற சத்து புற்றைத் தடுக்குமான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா ரத்தம் எங்கிருந்து வருதுன்னு மாத்திரைக்குத் தெரியாதே. ஸ்கோப் போட்டுத்தான் பார்க்கணும்" என்றேன். பின்பக்கமாகக் குழாய் விடுவார்கள் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனால் அந்த வாரமே பரிசோதனைக்குப் போய்ப் படுத்தார். குடலில் சின்னச் சின்ன சதை வளர்ச்சிகள் இருந்தன. புற்றாக மாறுவதற்குள் அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பயமில்லாதவர் போவது பெரிதில்லை. பயந்துகொண்டே போனாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அடுத்த முறை வந்தபோது குரலே மாறியிருந்தது. "மிஸ், கூட்டாளிங்ககிட்ட இப்ப நானே சொல்றேன்: மஞ்சளை மீன் கறியில போடு, ரத்தம் வந்தா டாக்டர்கிட்ட ஓடுலா!"

காதர் பாயின் பச்சைத் தட்டு

பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார் காதர் பாய். தம்பிக்குப் பெருங்குடலில் அறுவை முடிந்ததும் என்னிடம் அழைத்து வந்தார். தம்பியைவிட அண்ணன்தான் உடைந்துபோனார். "காலம் பூரா என் கடைச் சாப்பாட்டைத்தானே மிஸ் சாப்பிட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த நோய் இன்ன சாப்பாட்டால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று தேற்றினேன். நார்ச்சத்துள்ள கீரை, பயறு, தீட்டாத அரிசி இதையெல்லாம் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்பதையும் சொன்னேன்.

பிறகு ஒரு மதியம் அவர் கடைக்குப் போனேன். பொரித்த கோழிக்குப் பக்கத்திலேயே முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, சிவப்பரிசிச் சோறு, பச்சையாக வல்லாரை. முதலில் யாருமே சீண்டவில்லையாம். மனுஷர் விடவில்லை. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் கடை நடுவில் உட்கார்ந்து தானே அதைச் சாப்பிட ஆரம்பித்தார். ரசித்து, விரலைச் சூப்பிச் சாப்பிடுவாராம். அப்புறம் பக்கத்து மேசைக்காரர் கேட்டார், அதற்கடுத்த மேசைக்காரர் கேட்டார். நான் போன அன்று கீரைச் சட்டி காலி.

எனக்கு எதிரிலேயே ஒரு வாடிக்கையாளர், "என்ன பாய், ஆடு வளர்க்கிறீங்களா?" என்று கிண்டலடித்தார். காதர் பாய் அவர் தட்டில் வல்லாரையை அள்ளி வைத்தபடி சொன்னார்: "ஆமாலா, வெட்டுற ஆடு இல்ல, ரொம்ப நாள் இருக்கப்போற ஆடு."

டீச்சரின் தொல்லை

சுங்கை பூலோவிலிருந்து வந்த ராஜேஸ்வரி டீச்சரின் அப்பா இதே நோயில் இறந்தவர். வீட்டுக்கே சமையல் முறையை மாற்ற வேண்டும் என்று கேட்டார். "மாத்தலாம் டீச்சர். ஆனா அப்பாவுக்கு இருந்ததால நீங்களும் உங்க அண்ணன்மாரும் முதல்ல பரிசோதனை செஞ்சுக்கணும்" என்றேன். அண்ணன்கள் இரண்டு பேர். பெரியவர், தினமும் காய்கறி சாப்பிடுகிறவனுக்கு இது எதற்கு என்று போனை வைத்துவிட்டார். சின்னவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

டீச்சர் சண்டை போடவில்லை. தானே முதலில் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நேராகப் பெரிய அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். "நீ கிளம்புறவரைக்கும் நான் இங்கதான்" என்று சொல்லி, அவருக்கே சமைத்தும் போட்டிருக்கிறார். தாங்க முடியாமல் அவர் கிளம்ப, சின்னவரும் கூடவே வந்தார். சின்னவருக்கு எதுவுமில்லை. பெரியவருக்குப் புற்று இருந்தது. ஆரம்ப நிலை. அறுத்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

குணமானபின் பெரியவர் தங்கையோடு என்னைப் பார்க்க வந்தார். சிரிக்கவே தெரியாத முகம். தங்கை வெளியே போனதும் மெதுவாகச் சொன்னார்: "அவ தொல்லை தாங்காமதான் மிஸ் வந்தேன். இப்ப அந்தத் தொல்லை நல்லா இருக்கணும்னுதான் தினமும் சாமி கும்பிடுறேன்."

கீரையில் என்ன சத்து இருக்கிறது என்று நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஒரு பிடிவாதக்காரர் இப்படிக் கிளம்பிவிட்டால் என் பிழைப்புதான் என்னவாகுமோ தெரியவில்லை.